புளி போட்டு விளக்கிய பித்தளை

தங்கை சாந்திக்கு ஆபரேஷன். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். கொஞ்ச நாளைக்குப் பால் கேன்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சமைத்துப் போட ஆள் வேண்டும். எங்கள் அம்மா இல்லை, நான்தான் மூத்தவள். கோவில்பட்டியிலிருந்து மதுரைக்குப் போவதென்றாலே முந்தின நாள் தூக்கம் வராது எனக்கு. என்னை விமானத்தில் ஏற்றி நியூஜெர்சிக்கு அனுப்பிவிட்டார்கள்.

விமான நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி எதற்கு வந்தாய் என்று கேட்டார். ஊரிலிருந்தே மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னேன். "சிஸ்டர். ஆபரேஷன். குக்கிங்." அவர் சிரித்துவிட்டு முத்திரை குத்தினார். நான் பத்தாவது வரை படித்தவள். அந்தப் படிப்பு எனக்கு உதவிய முதல் இடம் அதுதான்.

பிரிட்ஜ்வாட்டரில் சாந்தியின் வீடு பெரியது. ஆனால் எந்த வீட்டுக்கும் மதில் கிடையாது. ரோட்டிலிருந்து புல், புல்லிலிருந்து வாசல், அவ்வளவுதான். மதில் இல்லாத வீட்டில் எப்படித் தூக்கம் வரும்? ரோட்டில் ஒரு மனுஷர் நடப்பதில்லை. காலையில் கார்கள் போகும், சாயங்காலம் கார்கள் வரும். எதிர்வீட்டு வெள்ளைக்காரம்மா மட்டும் தோட்டத்தில் ஏதாவது நட்டுக்கொண்டிருப்பார். பெயர் லிண்டா. என்னைப் பார்த்தால் கையை ஆட்டுவார். நான் திரைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வேன். பதிலுக்கு ஆட்டினால் பேச வந்துவிடுவாரோ என்று பயம்.

முதல் நாளே மிளகாய் வற்றலைத் தாளித்தேன். கூரையில் ஒட்டியிருந்த வட்டமான பெட்டி வீடே இடிந்ததுபோல அலறியது. தங்கை வீட்டுக்காரர் கதிர் மாடியிலிருந்து ஓடிவந்து துண்டை விசிறி அதை அடக்கினார். "ஒண்ணுமில்ல மதினி, ஸ்மோக் அலாரம்" என்றார். அதன் பிறகு கடுகு வெடிக்கும் போதெல்லாம் கூரையைப் பார்த்தபடியேதான் கரண்டி பிடித்தேன்.

கதிர் தம்பிக்குக் கம்ப்யூட்டர் வேலை. வாரத்தில் பாதி நாள் மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மீட்டிங். அந்த நேரத்தில் கதவைத் தட்டக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அவர் கம்பெனியில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். கிரீன் கார்டுக்கு வருஷக்கணக்காக வரிசையில் நின்று, இப்போதுதான் கடைசிப் படிக்கு வந்திருந்தார்கள். "இந்த நேரத்துல ஒரு சின்ன கேஸ்கூட நம்ம பேர்ல வந்துடக் கூடாதுக்கா" என்று சாந்தி அடிக்கடி சொன்னாள். குப்பையைத் தப்பான தொட்டியில் போட்டால்கூட இருவருக்கும் முகம் மாறிவிடும்.

இந்தக் கவலைக்கு மருந்தாக அவர் வாங்கி வைத்திருந்ததுதான் மெட்டல் டிடெக்டர். நீளமான கம்பு, அடியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வளையம், கைப்பிடியில் சின்னத் திரை. தரையை ஒட்டி வீசிக்கொண்டே போனால், மண்ணுக்குள் இருக்கும் உலோகத்துக்குத் தக்கபடி சத்தம் போடும், திரையில் நம்பர் காட்டும்.

சனிக்கிழமை சாந்தி நடக்க வேண்டும் என்று பார்க்குக்குப் போனோம். தம்பி மெஷினையும் எடுத்துக்கொண்டார்.

"இரும்புன்னா சின்ன நம்பர் மதினி. கர்ருன்னு பன்னி உறுமுற மாதிரி இருக்கும். வெள்ளி, செம்புன்னா நம்பர் மேல போயிடும். மணி அடிச்ச மாதிரி கேக்கும். நடுவுலதான் தலைவலி."

"ஏன் தம்பி?"

"தங்க மோதிரமும், கூல்டிரிங்க்ஸ் டின்ல பிச்சு எறியுற வளையமும் ஒரே நம்பர் காட்டும். தோண்டிப் பாத்தாத்தான் தெரியும்."

"மாப்ள பாக்குற மாதிரின்னு சொல்லுங்க" என்றாள் சாந்தி. "வெளிய தங்கம் நம்பர்தான் காட்டுச்சு. தோண்டினப்புறம்தான் டின்னுன்னு தெரிஞ்சுது."

அவர் கண்டுகொள்ளாமல் வீசிக்கொண்டே போனார். நான் பக்கத்தில் நடந்தேன். கொஞ்ச தூரத்தில் மெஷின் கணீரென்று மணி அடித்தது. "வெள்ளி!" என்று மண்டியிட்டுத் தோண்டினார். ஒன்றுமில்லை. எழுந்து இரண்டடி வைத்தார். மறுபடி மணி. மறுபடி குழி, மறுபடி ஒன்றுமில்லை. மேலே கரண்ட் கம்பி போனால் இப்படி ஏமாற்றும் என்று அண்ணாந்து பார்த்தார். கம்பி இல்லை. பையில் போன் இருந்தாலும் ஏமாற்றுமாம். போனைப் பெஞ்சில் வைத்துவிட்டு வந்தார். அப்போதும் மணி. நாயோடு நடந்து போன ஒருவர் நின்று எங்கள் குழிகளைப் பார்த்தார். அவர் போலீசுக்குச் சொல்வதற்குள் மூடிவிட வேண்டும் என்று நான் குழிக்குப் பக்கத்தில் போய்க் காலால் மண்ணைத் தள்ளினேன். மெஷின் மணி மணியாக அடித்தது.

சாந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, தையல் இழுக்குது, சிரிக்க முடியல. அக்கா காலைப் பாருங்க!"

என் மெட்டிதான். கல்யாணத்தன்று போட்ட கனத்த வெள்ளி மெட்டி. நான் போன இடமெல்லாம் தம்பி புதையல் தோண்டியிருக்கிறார்.

"கழட்டி வெச்சிட்டு வாங்களேன் மதினி" என்றார்.

"ஏங்க, என்ன பேச்சு இது?" என்று சாந்தி சீறினாள். மெட்டியைக் கழற்றுவது எப்போது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஊரில் என் வீட்டுக்காரருக்கு பிரஷர் வேறு. அன்றிலிருந்து மெஷின் நடந்தால் நான் பத்தடி தள்ளித்தான் நடப்பேன். அப்படித் தள்ளி நடந்ததில் திரையைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேட்கப் பழகிவிட்டேன். பாத்திரக் கடையில் விரலால் சுண்டி, கேட்டு வாங்குகிறவர்கள்தானே நாம்.

"நல்ல சிக்னல்னா எந்தப் பக்கத்துல இருந்து வீசினாலும் அதே சத்தம் வரணும்" என்று தம்பி சொல்லியிருந்தார். "ஒரு பக்கம் மணியும் மறு பக்கம் உறுமலும் வந்தா நம்பக் கூடாது. பெரிய துருப்பிடிச்ச இரும்பு வெள்ளி மாதிரி நடிக்கும். இல்லைன்னா ரெண்டு சாமான் ஒட்டிக் கிடக்கும்."

மறுநாள் கோயில். குளிரில் வெறுங்காலோடு சுற்றி வந்து, கீழே கேன்டீனில் தோசை சாப்பிட்டோம். நம் ஊர்த் தோசைக்குக் குறைவில்லை. பெருமாளிடம் சாந்தி உடம்புக்கு வேண்டிக்கொண்டேன். கூடவே, அந்த மெஷின் ரிப்பேராகிவிட வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன்.

அது ரிப்பேராகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குக் கிளம்பினோம். நாங்கள் மூவரும், அவர்கள் மகள் மீராவும். மீரா ஆறாம் வகுப்பு. நான் பேசுவது எல்லாம் அவளுக்குப் புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும். அதை எனக்குச் சாந்தி தமிழில் சொல்வாள்.

அங்கே ரோடே ஒரு பயம். இடது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் வலது பக்கமாக இறங்கி, ஒரு சுற்று சுற்றி வந்து, குறுக்கே போக வேண்டும். தம்பி ஒரு திருப்பத்தை விட்டுவிட்டு, ஒரே கடையின் முன்னால் மறுபடி மறுபடி வந்து நின்றார். பெட்ரோலை மட்டும் நம் ஊர் மாதிரி ஆள் வந்துதான் போடுகிறார். தலைப்பாகை கட்டிய பஞ்சாபிக்காரர், எட்டிப் பார்த்து எனக்கு ஒரு வணக்கம் வைத்தார். அந்த ஊரில் நான் பயப்படாமல் திரும்பிப் பார்த்த முதல் ஆள் அவர்தான்.

கடற்கரையில் ஆள் அதிகம் இல்லை. காற்று ஊசி மாதிரி குத்தியது. மணலுக்கு இறங்கும் பலகைப் பாதையின் தொடக்கத்தில் ஒரு போர்டு இருந்தது. அதன் முன்னால் எங்களை நிறுத்தி மீரா என் போனில் போட்டோ எடுத்தாள். என் வீட்டுக்காரருக்கு அனுப்ப. சாந்தியின் துப்பட்டா காற்றில் பறந்து போர்டை மூடிக்கொண்டிருந்தது. யாரும் அதைப் படிக்கவில்லை.

புளியோதரையும் அப்பளமும் கொண்டுபோயிருந்தேன். அப்பளத்தை வாய்க்குக் கொண்டுபோகும்போது ஒரு கடல்பறவை தலைக்கு மேல் இறங்கிப் பறித்துக்கொண்டு போனது. நான் போட்ட கூச்சலில் மீரா மணலில் விழுந்து சிரித்தாள். அதற்குப் பிறகு தலையில் துண்டைப் போட்டுக்கொண்டுதான் சாப்பிட்டேன்.

தம்பி முதலில் ஈர மணலில் வீசினார். மெஷின் காரணமே இல்லாமல் கத்தியது. உப்புத் தண்ணீரே அதற்கு உலோகம் மாதிரி தெரியுமாம். மேலே காய்ந்த மணலுக்கு வந்தார். நான் பத்தடி தள்ளி நின்றேன். பாட்டில் மூடி, ஆணி, மறுபடி பாட்டில் மூடி. பிறகு அந்தச் சத்தம் வந்தது.

வடக்கிலிருந்து வீசினால் கணீர். பக்கவாட்டில் வீசினால் உறுமல். நடுவில் இரண்டும் குழம்பி, தொண்டையில் சளி கட்டியவர் பாடுவதுபோல. நம்பர் மேலேயும் கீழேயும் துள்ளியது.

"இரும்புதான், நடிக்குது" என்றார் தம்பி.

"இல்ல தம்பி, பித்தளை" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. "குடத்தைச் சுண்டினா வர்ற சத்தம். இரும்பு வேற, அது கூட ஒட்டிக்கிட்டு இருக்கு."

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். அப்போது காதில் ஹெட்போனோடு, இதேபோல ஒரு மெஷினோடு ஒரு வயதான வெள்ளைக்காரர் வந்தார். நின்று கேட்டார். தலையை ஆட்டி ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

"என்ன சொல்றாரு?"

"இப்படி மாத்தி மாத்திச் சத்தம் வந்தா விட்டுடுங்கறார். இந்த மணல் இங்க உள்ளது இல்லையாம். கடல் அடியிலேருந்து பம்ப் பண்ணிக் கொட்டினதாம், அதுல என்னென்னமோ வருமாம்." தம்பி குரலைத் தாழ்த்தினார். "நாம அந்தப் பக்கம் போனதும் இவரே தோண்டிடுவார் மதினி."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சந்தையில் "அந்தக் கடையில போய்க் கேளுங்க" என்கிற ஆளை நாம் நம்புவோமா?

முழங்கை ஆழத்தில் கிடைத்தது. வெற்றிலை இடிக்கிற உரல் அளவு. பச்சைக் களிம்பு பிடித்த பித்தளை, சுற்றிலும் ஜாடி மூடிக்கு இருப்பதுபோல மரை. ஒரு முனையில் துருப்பிடித்த இரும்பு ஒட்டியிருந்தது. கையில் எடுத்தால் நல்ல கனம்.

"ஏதோ ஷிப்ல உள்ள பார்ட்" என்றார் தம்பி. நான் வந்ததிலிருந்து அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தைப் பார்த்ததில்லை. "மதினி சொன்னது கரெக்ட்! பித்தளையும் இரும்பும்!" எனக்கும் பெருமை. அதைத் துணிப்பையில் போட்டு, காரில் என் காலடியில் வைத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு சுழன்றது. போலீஸ். தம்பி ஓரமாக நிறுத்தினார். "யாரும் பேசாதீங்க, கையை மடியில வைங்க" என்றார். வந்த போலீஸ்காரர் மரியாதையாகத்தான் பேசினார். பின்னால் ஒரு பிரேக் விளக்கு எரியவில்லை, மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். போய்விட்டார். தம்பி வெகுநேரம் வண்டியை எடுக்கவில்லை. பிறகு எடுத்த வேகத்தில் ஒரு பள்ளத்தில் விட்டார். பை என் பாதத்தில் வந்து மோதியது. வலித்தது. நான் அதைப் பாதத்தாலேயே தள்ளி வைத்தேன்.

திங்கட்கிழமை. மீரா பள்ளிக்கூடம் போய்விட்டாள். சாந்தி மாத்திரை போட்டுத் தூங்கினாள். தம்பி மாடியில் மீட்டிங். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கராஜில் பேப்பர் மேல் வைத்திருந்த அந்தப் பித்தளையை எடுத்துவந்தேன். தம்பி சாயங்காலம் மாடியிலிருந்து இறங்கி வந்து பார்க்கும்போது பளபளவென்று இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

புளியைக் கரைத்துக் கொஞ்சம் ஊறவைத்தேன். கல் உப்பு போட்டுத் தேய்த்தேன். மரைக்குள் அடைத்திருந்த மண்ணைக் கத்தி முனையால் நோண்டினேன். உள்ளே இன்னும் மணல் இருப்பதுபோலத் தெரிந்ததால், தலைகீழாகப் பிடித்து, ஸிங்க் விளிம்பில் டொக் டொக்கென்று தட்டினேன். நன்றாகத் தட்டினேன். பிறகு தண்ணீர் விட்டு அலசித் துடைத்து ஜன்னல் ஓரம் வெயிலில் வைத்தேன். கார்த்திகைக்கு விளக்கிய குத்துவிளக்கு மாதிரி மின்னியது. ஓரத்தில் சின்னச் சின்ன எண்கள்கூடத் தெரிந்தன.

என் வீட்டுக்காரருக்குக் காட்ட போட்டோ எடுத்தேன். அனுப்புகிறபோது முந்தின நாள் போட்டோவும் வந்தது. போர்டு முன்னால் நாங்கள். முகம் சரியாக இருக்கிறதா என்று விரலால் பெரிதாக்கினேன். சாந்தியின் துப்பட்டா தூக்கியிருந்த இடத்தில் போர்டின் கால்வாசி தெரிந்தது. சிவப்பில் ஒரு சொல். எங்கள் தெரு டிரான்ஸ்பார்மரில் மண்டை ஓட்டுக்குக் கீழே இருக்குமே, அந்தச் சொல். டேஞ்சர். அதற்குக் கீழே வரிசையாகச் சில படங்கள். ஒரு கை, அதன் குறுக்கே கோடு. கடைசிப் படம், வெற்றிலை உரல். சுற்றிலும் மரை.

ஜன்னலைப் பார்த்தேன். போனைப் பார்த்தேன். மறுபடி ஜன்னலைப் பார்த்தேன்.

கால் எப்படி மாடிப்படி ஏறியது என்று தெரியாது. கதவு சாத்தியிருந்தது. உள்ளே தம்பி இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார். தட்டக் கையைத் தூக்கினேன், தட்டவில்லை. இப்போது நினைத்தால் எனக்கே நம்ப முடியவில்லை. கீழே அது இருக்கிறது, தங்கை தூங்குகிறாள், நான் மீட்டிங் முடியட்டும் என்று நிற்கிறேன். அவர் வேலை போய்விட்டால் என்ற பயம் அதையும்விடப் பெரிதாக இருந்தது. கடைசியில் கதவைத் தள்ளினேன். அவர் ஒரு விரலைத் தூக்கி, இருங்கள் என்றார். நான் போய் போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

கீழே வந்து சமையலறை வாசலிலேயே நின்றார். "இவ்ளோ பளபளன்னு... யாரு தேச்சது?"

"நான்தான்."

சாந்தி எழுந்து வந்துவிட்டாள். விஷயம் புரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "போலீசுக்குப் போன் பண்ணுங்க."

"பண்ணி? வீட்ல பாம்னு சொல்லவா? நம்ம பேர், நம்ம அட்ரஸ். கிரீன் கார்டு கடைசி ஸ்டெப்ல நிக்குது. எவனாவது ஒருத்தன் ஏன் வெச்சிருந்தேன்னு கேட்டா முடிஞ்சுது." அவர் வாஷிங் மெஷின் மேலிருந்து பெரிய துண்டை எடுத்தார். "ஒரு பக்கெட் மண்ணுல வெச்சு, கார்ல கொண்டுபோய் எடுத்த இடத்துலயே புதைச்சிட்டு வந்துடறேன்."

"உங்களுக்கு என்ன பைத்தியமா? ரோட்டுல எத்தனை பள்ளம்!"

"நேத்து அதே ரோட்டுலதான் வந்தோம். உங்கக்கா காலடியிலதான் இருந்தது. ஒண்ணும் ஆகலைல்ல?"

"நேத்து நான் விளக்கல தம்பி" என்றேன்.

அவர் கேட்கவில்லை. துண்டை இரண்டாக மடித்தார். சாந்தி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மீராவின் பள்ளிக்கூட பஸ் வருகிற நேரம். அந்தப் பிள்ளை வாசலில் இறங்கி, பசியோடு நேராக சமையலறைக்குத்தான் ஓடிவருவாள். ஜன்னல் ஓரத்தில்தான் நான் அவளுக்கு முறுக்கு டப்பாவை வைத்திருந்தேன்.

நான் வாசலைத் திறந்து வெளியே வந்தேன். செருப்புகூடப் போடவில்லை. லிண்டா தோட்டத்தில் குனிந்து ஏதோ நட்டுக்கொண்டிருந்தார். ரோட்டின் குறுக்கே ஓடினேன். இரண்டு பக்கமும் பார்த்தேனா என்று ஞாபகமில்லை. அவர் நிமிர்ந்து, எப்போதும்போலக் கையை ஆட்டத் தூக்கினார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். நான் தொட்ட முதல் வெள்ளைக்காரக் கை.

"பாம்" என்றேன். "ஹோம். சிஸ்டர். ப்ளீஸ்."

அவர் புரியாமல் என்னையும் வீட்டையும் பார்த்தார். போனில் இரண்டு படங்களையும் காட்டினேன். போர்டு. பித்தளை. அவர் முகம் வெளுத்தது. கையுறையோடு தன் போனை எடுத்து அழுத்தினார். காதில் வைத்தபடியே எங்கள் வீட்டைப் பார்த்து, அந்த வயதில் அவ்வளவு குரல் வருமா என்று ஆச்சரியப்படும்படி கத்தினார். கதிர்! வெளியே வா! எதையும் தொடாதே!

அதன் பிறகு ஒவ்வொரு நொடியும் என் கண் எங்கள் வீட்டு வாசலிலேயே இருந்தது. முதலில் சாந்தி வந்தாள். பிறகு யாரும் வரவில்லை. பிறகு தம்பி வந்தார். கையில் துண்டு மட்டும் இருந்தது.

போலீஸ் கார்கள் வந்தன. பக்கத்து வீடுகளில் இருந்தவர்களையெல்லாம் தெருமுனைக்குக் கொண்டுபோனார்கள். யாரையும் பார்த்திராத அந்தத் தெருவில் இத்தனை பேர் இருந்தார்களா! கைக்குழந்தையோடு ஒருத்தி, கட்டிலிலிருந்து எழுப்பி வந்த மாதிரி ஒரு பெரியவர், ஒரு பூனை. எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். பள்ளிக்கூட பஸ்ஸைத் தெருமுனையிலேயே நிறுத்தியிருந்தார்கள். மீரா இறங்கி ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து, மெத்தை தைத்துப் போட்டதுபோன்ற உடுப்பில் ஒருவர் எங்கள் வீட்டுக்குள் போனார். அவர் திரும்பி வரும்வரை நான் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்த மனுஷருக்கும் ஒரு வீடு இருக்குமே. அவர் வந்தார். கனத்த பெட்டி ஒன்றை வண்டியில் ஏற்றினார்கள். அது தெருவைத் தாண்டிப் போன பிறகுதான் எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

தெருவுக்குள் எங்களைத் திரும்ப விட்டார்கள். லிண்டா வீட்டுப் புல்லில் நின்ற எங்களிடம் உயரமான ஒரு அதிகாரி வந்தார். கேட்ட கேள்வி எனக்கே புரிந்தது. யார் இதைக் கொண்டுவந்தது?

தம்பி கையிலிருந்த துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். நான் யோசித்தேன். நான் விசிட்டர் விசாவில் வந்தவள். அதிகபட்சம் என்ன செய்வார்கள், ஊருக்கு அனுப்புவார்கள். ஜெயிலில் போட்டால்? அதை யோசித்தால் கை எழும்பாது என்று, யோசிப்பதற்குள் வகுப்பில் தூக்குகிற மாதிரி கையைத் தூக்கினேன்.

"மீ" என்றேன். "பீச், மீ. கார், மீ. வாஷ், மீ."

அதிகாரி என்னைக் குனிந்து பார்த்தார்.

"நோ" என்றார் தம்பி. முன்னால் வந்து எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றார். இங்கிலீஷில் மடமடவென்று பேசினார். சாந்தி என் காதில் சொன்னாள். "நான்தான் தோண்டினேன், நான்தான் காரை ஓட்டினேன், போன் பண்ண வேணாம்னு சொன்னதும் நான்தான், இவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்கறார்."

அதிகாரி அவர் பெயரைக் கேட்டார். தம்பி எழுத்து எழுத்தாகச் சொன்னார். ஒவ்வொரு எழுத்துக்கும் சாந்தியின் நகம் என் கையில் இறங்கியது. அடுத்த தடவை இப்படி எதையாவது பார்த்தால் அங்கேயே விட்டுவிட்டுப் போன் பண்ணு, அதற்கு யாரும் உன்னைப் பிடிக்க மாட்டார்கள் என்று அதிகாரி சொன்னாராம். கிரீன் கார்டு என்ன ஆகும் என்று அவரிடம் கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. நான் இதை எழுதும்வரை அது வரவில்லை, நின்றுபோனதாகவும் தகவல் இல்லை.

போகும் முன் அதிகாரி என் பக்கம் திரும்பினார். எப்படிக் கழுவினாய் என்று கையால் கேட்டார். நான் செய்து காட்டினேன். இப்படித் தேய்த்தேன். இப்படிக் கத்தியால் நோண்டினேன். இப்படிக் கவிழ்த்து, டொக், டொக்.

தட்டிக் காட்டியதும் அவர் கண்ணை மூடித் திறந்தார். சாந்தியைப் பார்த்து மெதுவாக ஏதோ சொன்னார். தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

"என்னடி சொன்னாரு?"

"உள்ள வெடிமருந்து இன்னும் அப்படியே இருக்காம்க்கா. பழைய காலத்துப் பீரங்கிக் குண்டோட தலையாம். தோண்டினதுகூடப் பெருசு இல்லையாம். கார்ல வந்ததுகூட..." விரலை மடக்கி, நான் காட்டிய மாதிரியே காற்றில் டொக் டொக்கென்று தட்டிக் காட்டினாள்.

லிண்டாவின் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். சாந்தி பக்கத்தில் உட்கார்ந்து என் இரண்டு கைகளையும் இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கடையில் வெண்டைக்காய் பார்க்கிறவள்போல ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தாள். எல்லா விரலையும் பார்த்து முடித்த பிறகுதான் அழுதாள்.